ஆச்சூ நாட்டில் ஓம் சொன்ன கதை

எங்கள் வீட்டு ஹோலில் அப்பா மூன்று ஆணி அடித்திருந்தார். பிள்ளைகள் மூன்று பேர், ஆணியும் மூன்று. முதலாவதில் அண்ணையின் பட்டமளிப்புப் படம். இரண்டாவதில் அக்காவின் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ். மூன்றாவதில் குடை.

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் படத்தைப் பார்ப்பார்கள். பிறகு சான்றிதழைப் பார்ப்பார்கள். பிறகு குடையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

பள்ளிக்கூடச் சோதனை என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே வயிற்றைக் கலக்கும். பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனையின் முதல்நாள் பள்ளிக்கூட வாசல்வரை போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவன், அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. மருதனார்மடம் சந்தியில் ஒரு பெயின்ற் கடையில் ஐந்து வருடம் நின்றேன். அங்கேயும், நான் கொடுத்த நிறம் சுவரில் காய்ந்தபிறகு வேறு நிறமாகிவிடுமோ என்று இரவில் நித்திரை வராது.

எங்கள் சபையின் வாலிபர் சங்கத்துக்கு அந்த அறிவித்தல் வந்தபோது நான் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். லித்துவேனியா என்ற நாட்டில், ஏரிக்கரைக் கிராமம் ஒன்றின் பொது மையத்தில் மூன்று மாதம் தொண்டு வேலை. வேலிக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும், தோட்டம் பார்க்க வேண்டும். படிப்புத் தேவையில்லை. போக்குவரத்தும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. மூன்று மாதமும் முழுதாக நின்றால் ஒரு சான்றிதழ்.

அக்காதான் படிவத்தை நிரப்பினாள். ‘பெயின்ற் வேலையில் ஐந்து வருட அனுபவம்’ என்று எழுதினாள்.

“அக்கா, நான் பெயின்ற் வித்தனான். அடிக்கேல்லை.”

“உனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதோ?”

விசா வந்த அன்று அம்மா மூன்றாவது ஆணியிலிருந்து குடையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்தார். “இனி உதிலை ஒண்டும் கொழுவக்கூடாது” என்று வீட்டாருக்குக் கட்டளை போட்டார். நான் விமானம் ஏறும்போது என் நினைவு முழுக்க அந்த வெறும் ஆணியில்தான் இருந்தது. இடையில் திருப்பி அனுப்பினார்கள் என்றால் குடை மறுபடியும் அங்கே ஏறும். அதைவிட அங்கேயே ஏரியில் விழுந்துவிடலாம். ஆனால் எனக்கு நீந்தத் தெரியாது என்பதையும் நினைத்துக் கவலைப்பட்டேன்.

லித்துவேனியாவில் என்னை முதலில் பயமுறுத்தியது தும்மல். வெளிக்கிடும்போது யாராவது தும்மினால் திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் வேதக்காரர், மெதடிஸ்த குடும்பம். அம்மா இதை மூடநம்பிக்கை என்று சொல்லுவார். சொல்லிக்கொண்டே செம்பை நீட்டுவார்.

அந்தக் கிராமத்தில் ஒரே ஒரு கடை. முதல்நாள் சவர்க்காரம் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறேன், பின்னால் கடைக்காரப் பெண் “ஆச்சூ” என்றார். “நூறு” என்றேன். தும்மினவருக்கு நூறு வயது என்று சொல்லாமல் விடக்கூடாதல்லவா. பிறகு திரும்பி உள்ளே போய், பையிலிருந்த போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு வெளிக்கிட்டேன். ஏதோ மறந்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்த அவர் ரொட்டித் தட்டிலிருந்த ஒரு பாணைக் காட்டினார். மரியாதைக்கு வாங்கினேன். வாசலில் கால் வைக்க மறுபடியும் “ஆச்சூ.” மறுபடியும் “நூறு.” மறுபடியும் தண்ணீர். இந்தப் பெண்ணுக்கு நல்ல தடிமன் பிடித்திருக்கிறது, எனக்கும் தொற்றப்போகிறது என்று நினைத்துக்கொண்டு மையத்துக்குத் திரும்பினேன். பார்த்தால் பஸ்காரர் ஆச்சூ, தபால்காரர் ஆச்சூ, எல்லாரும் ஆச்சூ.

அந்த நாட்டில் நன்றி என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள் என்பது நான்காம் நாள்தான் தெரியவந்தது. ஆனால் அதற்குள் ‘நூறு’ என் வாயில் படிந்துவிட்டது. அவர்களும் அதைப் பதிலுக்குச் சொல்லும் ஏதோ உபசார வார்த்தை என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது கிழமை கடைக்காரப் பெண்ணே நான் “ஆச்சூ” என்றால் “நூறு” என்று சொல்லத் தொடங்கினார்.

என் அறையில் இன்னொரு தொண்டன் இருந்தான், போர்த்துக்கல்காரன். என்னிடம் இருந்த ஆங்கிலம் பெயின்ற் தகரத்தில் எழுதியிருக்கிற அளவுதான். இவனோடு எப்படிக் கதைக்கப்போகிறேன் என்று முதல்நாள் முழுக்க யோசித்தேன். பின்னேரம் அறைத் திறப்பைக் காணவில்லை. “சாவி எங்கை, சாவி எங்கை” என்று எனக்குள்ளே முணுமுணுத்தபடி கட்டிலுக்குக் கீழே தேடினேன். அவன் தன் பொக்கற்றிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். எனக்கு மயிர் கூச்செறிந்தது. மெல்ல மேசையைத் தொட்டு “மேசை” என்றேன். “மேசா” என்றான். கதிரை, யன்னல், சப்பாத்து, துவாய், எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. இவனுடைய பாட்டன்மார் யாழ்ப்பாணத்தில் கோட்டையைக் கட்டிவிட்டுப் போகும்போது சொற்களை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார்கள் போல. முதல் கிழமை தளபாடங்களின் பெயரை வைத்தே நாங்கள் இருவரும் குடும்பம் நடத்தினோம்.

மையத்தின் பொறுப்பாளர் உயரமான ஒரு பெண்மணி. ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். சிரிக்கமாட்டார். அந்த ஊரில் காரணமில்லாமல் யாரும் சிரிப்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைப்பதற்கு என்னிடம் காரணமும் இருந்தது.

முதலாவது, வேலி. நீல பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். வேலி முடியும் இடத்தை யாரும் காட்டவில்லை. வேலி போய்க்கொண்டே இருந்தது, நானும் போய்க்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தபோது அவருடைய வேலியில் முக்கால்வாசி நீலமாகிவிட்டது.

இரண்டாவது, பாத்தி. களை பிடுங்கச் சொன்னார்கள். மெல்லிய தும்பு தும்பான இலையோடு ஒரு செடி பாத்தி நிறைய நின்றது. ஒன்று விடாமல் பிடுங்கினேன். பெருமையாக அம்மாவுக்கும் படம் அனுப்பினேன்.

“எடேய், உது சதகுப்பையடா!” என்று அம்மா போனில் கத்தினார்.

பிள்ளை பெற்றவர்களுக்கு மருந்துச் சரக்கு அரைக்கும்போது சேர்க்கும் சதகுப்பை விதை எனக்குத் தெரியும். அதற்கு இலை இருக்கும் என்பதை நான் யோசித்ததேயில்லை. அந்த ஊர்க்காரர் அதை உருளைக்கிழங்கின் மேலே தூவுகிறார்கள், மீனில் தூவுகிறார்கள், பீற்றூட் போட்டு ரோசா நிறத்தில் செய்யும் குளிர்ந்த சூப்பிலும் தூவுகிறார்கள்.

“பிள்ளைப்பெத்தவளுக்குக் குடுக்கிறதை உங்கை ஆம்பிளையளும் தின்னினமோ?” என்று அம்மா கேட்டார்.

பொறுப்பாளர் வெறும் பாத்தியை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் ஒரு வசனம்தான் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் காதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன்.

“மாதக் கடைசியிலை உம்மோடை ஒருக்கால் கதைக்க வேணும்.”

அவ்வளவுதான். எனக்கு விளங்கிவிட்டது. மாதக் கடைசியில் விமானச்சீட்டைக் கையில் தருவார்கள். அன்றிலிருந்து என் பெட்டியில் உடுப்பை வெளியே எடுத்து வைக்கவில்லை. தேவையானதை உருவி எடுத்து, தோய்த்து, மறுபடி பெட்டிக்குள்ளேயே வைத்தேன்.

இந்த நிலையில்தான் ஓம் வந்து சேர்ந்தது.

அம்மா காலை எட்டு மணிக்குத் தேத்தண்ணி குடித்ததும் எனக்குப் போன் எடுப்பார். எங்கள் ஊரில் எட்டு என்றால் அங்கே ஐந்தரை. கோடை என்பதால் அந்த நேரம் நன்றாக விடிந்திருக்கும். ஆனால் குளிர். மையத்துக்குள் சிக்னல் கிடையாது. ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரப்பாலத்தின் நுனியில்தான் கிடைக்கும். ஆகவே தினமும் ஐந்தரைக்கு நான் கட்டில் விரிப்பைத் தலையோடு போர்த்துக்கொண்டு, பாலத்தின் நுனியில் சம்மணமாகச் சப்பாணி கொட்டி இருப்பேன். காதுக்குள் போன் வயர். நித்திரை தெளியாததால் கண் மூடியபடி இருக்கும். அம்மா கேட்பார், நான் பதில் சொல்லுவேன்.

“சாப்பிட்டனியோ?”

“ஓம்.”

“சுடுதண்ணியிலை குளிக்கிறனியோ?”

“ஓம்.”

“ஜெபம் பண்ணினனியோ?”

“ஓம்.”

“உங்கை உள்ள பெட்டையளோடை கதைக்கிறேல்லைத்தானே?”

“ஓம்.”

இப்படி அரை மணித்தியாலம். கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வயர் தெரியாது. போன் தெரியாது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு மெலிந்த பொடியன், வெள்ளை போர்த்து, நீரைப் பார்த்து, கண்ணை மூடி, விடியலில் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருப்பது மட்டும் தெரியும்.

போர்த்துக்கல்காரன் கண்டிருக்கிறான். சமையலறையில் சொல்லியிருக்கிறான். ஒரு நாள் பொறுப்பாளர் என்னை மேசையில் எதிரே இருத்தினார்.

“காலமை பாலத்திலை நீர் செய்யிறதைப் பார்த்தன். ஒவ்வொரு நாளுமோ?”

போன் கதைப்பதைத்தான் கேட்கிறார், அதுவும் குற்றமாகிவிட்டது என்று நினைத்தேன்.

“ஒவ்வொரு நாளும்தான்.”

“ஆரிட்டைப் பழகினீர்?”

“பழக்கினது அம்மாதான். ஒரு நாளும் தவறவிடமாட்டா.”

“எவ்வளவு நேரம்?”

“அரை மணித்தியாலம். ஞாயிற்றுக்கிழமையிலை இன்னும் கூட.”

“செய்யாமல் விட்டால்?”

“அண்டைக்கு முழுக்க நெஞ்சு படபடக்கும்.”

“செய்து முடிஞ்ச பிறகு?”

“பெரிய நிம்மதி” என்றேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவர் என்னை வேறு மாதிரிப் பார்த்தார். “வாற சனிக்கிழமை ஊராக்கள் எல்லாரும் மையத்தைப் பார்க்க வருவினம். அவைக்கும் இந்தத் தியானத்தைச் சொல்லிக் குடுப்பீரோ?”

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சதகுப்பைப் பாத்தி கண்ணுக்குள் வந்தது. நீல வேலி வந்தது. அதற்குப் பின்னால் அம்மா துடைத்து வைத்திருக்கும் வெறும் ஆணி வந்தது.

“ஓம்” என்றேன்.

அவர் கைகூப்பித் தலை வணங்கினார்.

சனிக்கிழமைவரை நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எனக்கும் யோகாவுக்கும் உள்ள சம்பந்தம், தினமும் கடைக்குப் போகும் வழியில் ஆஞ்சநேயர் கோயிலடியால் சைக்கிளில் போய் வந்தது மட்டும்தான். உண்மையைச் சொன்னால் விமானச்சீட்டு. சொல்லாவிட்டால் யாராவது படம் எடுத்துப் போட்டு, அது சுற்றிச் சுற்றி எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்குப் போய்ச் சேரும். தலைவி எங்கள் அம்மா. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். போனில் தமிழ் யோகா வீடியோ ஒன்றைப் போட்டு, போர்வைக்குள் வயரைக் காதில் வைத்து, அதில் சொல்லுவதை அப்படியே திருப்பிச் சொல்வது. அம்மாவிடம் “சனிக்கிழமை போன் எடுக்காதேங்கோ, வேலை இருக்கு” என்று சொல்லியும் வைத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. ஏரிக்கரைப் புல்லில் இருபது பேரளவில் பாய் விரித்து இருந்தார்கள். கடைக்காரப் பெண் முன்வரிசையில். நீல வேலிக்காரரும் வந்திருந்தார். பொறுப்பாளர் ஓரத்தில். நான் சிக்னலுக்காகப் பாலத்தில் ஏறி, போர்த்துக்கொண்டு, அவர்களைப் பார்த்து இருந்தேன். நான் சொல்லுவதை எல்லாரும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று பொறுப்பாளர் அவர்களுடைய மொழியில் விளக்கினார். வீடியோவை அமத்தித் தொடக்கினேன். “மூச்சை மெதுவாக உள்ளே…” என்று ஒரு குரல் தொடங்கியது. அறுந்தது. போன் அடித்தது.

அம்மா.

மூன்று தடவை மணி அடிப்பதற்குள் எடுக்காவிட்டால் அம்மா மனதுக்குள் என்னை ஏரியில் தாழ்த்திவிடுவார். பிறகு அண்ணைக்கு எடுப்பார், அக்காவுக்கு எடுப்பார், போதகருக்கு எடுப்பார். வயரில் இருந்த பொத்தானை அமத்தினேன்.

“தம்பி?”

“ஓம்” என்றேன்.

“ஓ…ம்” என்றது கரை.

“எடுக்க வேண்டாமெண்டு சொன்னனி. அதுதான் பயந்து எடுத்தனான். சுகமோ?”

“ஓம்.”

“ஓ…ம்.”

“உதென்னடா எதிரொலிக்குது? கோயிலடியிலை நிக்கிறியோ?”

“இல்லையம்மா!”

“இல்லையம்மா…” என்று இருபது பேரும் கண்ணை மூடியபடி சொன்னார்கள்.



“ஆரடா உவையள்? என்னை ஏன் அம்மா எண்டு சொல்லினம்?”

“பேந்து சொல்லுறன், இப்ப போனை வையுங்கோ.”

“பேந்து…” வரை கடைக்காரப் பெண் வந்தார். மிச்சப்பேர் ஏதோ புரட்டினார்கள்.

அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. “தம்பி, உன்னை ஆரும் பிடிச்சு வைச்சிருக்கினமோ? வாயாலை சொல்லாதை. பிடிச்சு வைச்சிருந்தால் ஒருக்கால் இருமு.”

எப்படியாவது இருமாமல் இருக்க வேண்டும் என்று மூச்சை அடக்கினேன். அடக்கின மூச்சு மூக்கில் ஏறியது. ஏரிக் குளிரும் சேர்ந்துகொண்டது.

“ஹ… ஆச்சூ!”

“நூறு!” என்றது கரை, ஒரே குரலில், திருத்தமான தமிழில்.

போர்வை சரிந்தது. வயர் போனிலிருந்து கழன்று மடியில் விழுந்தது. பிடிக்கப் போன விரல் பட்டு, போன் உரத்துக் கதைக்கத் தொடங்கியது. அம்மாவின் குரல் ஏரி முழுக்கக் கேட்டது.

“கடவுளே, உங்கை தமிழாக்கள் இருக்கினமெண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே நீ! நான் எவ்வளவு பயந்துபோனன்!”

கண்ணைத் திறந்த இருபது பேரும் வயரைப் பார்த்தார்கள். போர்த்துக்கல்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருண்டான்.

நான் பாலத்தால் இறங்கி நேரே பொறுப்பாளரிடம் போனேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது.

“எங்கடை ஊரிலை ஆம் எண்டதுக்கு ஓம் எண்டுதான் சொல்லுறது. நான் தியானம் செய்யேல்லை. அம்மாவோடை கதைச்சனான்.”

“ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலமாய் அம்மாவுக்கு ஆம் எண்டோ சொன்னனீர்?”

“இல்லை எண்டு சொல்லத் தொடங்கினால் ஒண்டரை மணித்தியாலம் எடுக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. திரும்பி ஊர்க்காரருக்கு மொழிபெயர்த்தார். நீல வேலிக்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த நாய் எழும்பி ஓடியது. சிரிப்பு அடங்கியபிறகு பொறுப்பாளர் என் பக்கம் திரும்பி, “என்ரை அம்மாவும் காலமையிலைதான் எடுக்கிறவ. நான் பாதி நாள் பதில் சொல்லுறேல்லை” என்றார்.

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. “அப்ப என்னை எப்ப அனுப்பப்போறியள்?” என்று கேட்டேன்.

“எங்கை?”

“வீட்டை. மாதக் கடைசியிலை கதைக்க வேணுமெண்டனீங்கள்.”

“ஓ, அதோ? மாதக் கடைசியிலை தொண்டர்களைக் கடலுக்கும் பக்கத்து நாட்டுக்கும் கூட்டிக்கொண்டு போறது. உமக்கு பஸ்ஸிலை தலை சுத்திச் சத்தி வருமோ எண்டு கேக்க இருந்தனான்.”

“சதகுப்பை?”

“அது தன்ரை பாட்டிலை முளைக்கும்.”

இத்தனை நாளும் பெட்டிக்குள் உடுப்பை வைத்து எடுத்தவனுக்கு அப்போது வந்தது சந்தோஷம் இல்லை. பஸ்ஸில் எனக்குச் சத்தி வரும் என்ற புதுக் கவலைதான் வந்தது.

சத்தி வரவில்லை. வேறொன்று நடந்தது. பக்கத்து நாடான லற்வியாவின் தலைநகருக்குப் போகும் வழியில், எல்லையில் ஒரு பழைய சோதனைக் கட்டடம் வெறுமையாக நிற்கும். அதன் அருகே பெற்றோல் அடிக்க பஸ்ஸை நிறுத்தினார்கள். நான் கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பையையும் தூக்கிக்கொண்டு இறங்கி நடக்கத் தொடங்கினேன். சின்ன வயதில் அம்மாவோடு கொழும்புக்குப் போகும்போது அப்படித்தான். சோதனைச்சாவடி வந்தால் இறங்கி, நடந்து, காட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். நூறு யார் தூரம் நடந்திருப்பேன். கேட்பதற்கு ஒருவரும் இல்லை. யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் ஒரு புல்வெட்டும் தொழிலாளியிடம் கடவுச்சீட்டை நீட்டினேன். அவர் வாங்கிப் படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, தலையாட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். “ஆச்சூ” என்றேன். அது லற்வியா, அங்கே நன்றிக்கு வேறு சொல்லாம். போர்த்துக்கல்காரன் ஓடிவந்து என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

கடலையும் பார்த்தேன். அந்தக் கடலில் உப்பு இல்லை. அதாவது, இருக்கிறது, ஆனால் அம்மா கோபத்தில் வைத்த ரசத்தில் இருக்கிற அளவுதான். கரையில் அம்பர் என்ற மஞ்சள் கல் ஒதுங்கும் என்று எல்லாரும் குனிந்தபடி திரிந்தார்கள். நானும் ஒன்று பொறுக்கி, துணியில் சுற்றி, எல்லையில் பறிப்பார்களோ என்று ஒரு மாதம் பயந்து பயந்து வைத்திருந்தேன். பியர்ப் போத்தல் துண்டு.

தியானம் நிற்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வருகிறோம் என்று கடைக்காரப் பெண்தான் முதலில் சொன்னார். அன்று அவருக்குப் பகலிலும் நல்ல நித்திரையாம். நான் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் என்னை ஏசினார். பிறகு, “கனபேர் இருந்து கேக்கினமோ? அப்ப போனை உரத்து வை” என்றார். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சுன்னாகம் சந்தைக்குப் போய்வந்த கையோடு அம்மா போனில் ஜெபம் பண்ணினார். அக்காவின் இடமாற்றத்துக்காக, பக்கத்து வீட்டு மாட்டுக்காக, சந்தையில் ஏறிக்கொண்டு போகும் வெங்காய விலைக்காக. லித்துவேனியர்கள் கண்ணை மூடி, நேராக இருந்து, மூச்சை இழுத்து விட்டார்கள். ஒரு நாள் பொறுப்பாளரின் அம்மாவும் வந்து இருந்தார்.

மூன்று மாதம் முடிந்தது. சான்றிதழை விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சாப்பாட்டுத் தட்டைக்கூட வாங்கவில்லை, கறி பட்டுவிடும் என்று. அதில் எழுதியிருந்தது: வேலி பெயின்ற் வேலை, தோட்ட வேலை, காலைத் தியானம் நடத்துதல்.

அம்மா அதற்கு மரச்சட்டம் போட்டு மூன்றாவது ஆணியில் கொழுவினார். கொழுவின அடுத்த நாளே போதகரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். அவர் முதலில் படத்தைப் பார்த்தார். பிறகு அக்காவின் சான்றிதழைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னுடையதைக் கடைசி வரிவரை வாசித்தார்.

எங்கள் சபையில் தியானம் என்றால் வேத தியானம். வேறு தியானம் ஒன்று இருப்பதாக அவருக்கு நினைவே வரவில்லை.

“வெளிநாட்டிலை போய்க் காலைத் தியானம் நடத்தினவரோ! இவ்வளவு நாளும் இவரைக் கடைசி வாங்கிலை இருக்கவிட்டிட்டமே. வாற ஞாயிறு வாலிபர் கூட்டத்திலை தம்பி செய்யட்டும். என்ன தம்பி?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“ஓம் ஐயா, செய்வான்” என்றார் அம்மா.

அந்த ஞாயிறு கூட்டம் தொடங்க முன்னம் நான் செய்த முதல் வேலை, மண்டபத்தில் எந்த மூலையில் சிக்னல் இருக்கிறது என்று பார்த்ததுதான்.